கன்னத்தில் தங்கியது

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த வருஷம் நடக்க ஆரம்பித்தேன். காலையில் அம்பத்தூர் ஏரிப் பக்கம் ஒரு நடை, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் வீடு இருக்கும் கள்ளிக்குப்பத்துத் தெருக்களிலேயே இன்னொரு நடை. சோற்றைக் குறைத்தேன். டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். அடுத்த வருஷம் முடிவதற்குள் பழைய ரவிக்கைகள் எல்லாம் தோளில் தொங்க ஆரம்பித்துவிட்டன. சர்க்கரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இருக்காதும்மா" என்று சிரித்தார். சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் உடம்பு தன் இஷ்டத்துக்குத்தான் இறங்கியிருந்தது. இடுப்பில் மடிப்பு அப்படியே இருந்தது. தொடையும் பெரிதாகக் குறையவில்லை. முகத்தில்தான் ஒன்றும் மிச்சமில்லை. நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் குழிந்து, கன்னம் உள்ளே போய், கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்துவிட்டது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அதைவிடப் பத்து வயது கூடுதலாகத் தெரிந்தேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நன்றாகத் தூங்கி எழுந்து, தலைக்குக் குளித்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாலும், "என்ன மேடம், நைட் தூங்கலையா?" என்று கேட்பார்கள். மதியம் ஒருத்தர் கேட்பார். சாயங்காலம் வேறொருத்தர். ஷேர் ஆட்டோவில் என்னைவிட மூத்த அம்மா ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்து, "உக்காரும்மா, உடம்பு முடியாதவ" என்றாள். எங்கள் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, "வேணும்னா லீவு எடுத்துக்குங்க, எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்றார். ஒவ்வொருவரிடமும், "சர்க்கரைக்காக நடந்தேன் சார், அதான் இளைச்சிட்டேன்" என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்வதில் எனக்கு உண்மையிலேயே களைப்பு வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த என் மகன் வீடியோவில் பேசும்போது, "அம்மா, லைட்டப் போட்டுட்டுப் பேசு" என்பான். லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

என் கணவருக்கு இதெல்லாம் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. மாநகரப் பேருந்து ஓட்டுகிறார், ஐயப்பன்தாங்கல் டிப்போ. விடியற்காலை ஷிப்டுக்கு நான் எழுவதற்கு முன்னால் போவார், வந்தால் சாப்பிட்டுப் படுப்பார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்தில் நெல் போட்ட குடும்பம். இப்போது நிலம் இல்லை, வீடு இருக்கிறது. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் அவருடைய அக்காவை எங்கள் ஊர் வழக்கப்படி "மதினி" என்று கூப்பிட்டு, வீடே சிரித்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணி.

அந்த அண்ணியின் வீடு நெமிலிச்சேரியில். அவருடைய பேரனுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவப் போன என்னைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், தண்ணீர் டிரம் பக்கத்தில் நிறுத்தி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட மறைக்காத. இன்னா நோவு?"

"நோவெல்லாம் இல்லண்ணி. சர்க்கரைக்கு நடக்கறேன்ல..."

"நானும்தான் சுகருக்கு மாத்திரை துன்றேன். நான் இப்டியா கீறேன்? என் தம்பி சொல்லாம மறைக்கிறானா, இல்ல அவனுக்கே தெரியாதா?"

சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவரைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. எனக்கு இல்லாத வியாதிக்காக அவர் அழ, நான் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன். அன்று சாயங்காலம் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் தள்ளி நின்று என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். புற்றுநோய் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

அந்த வாரமே அண்ணா நகரில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். முகத்துக்கு ஏதாவது கிரீம் தருவார் என்றுதான் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்கு கிரீம் எதுவும் செய்யாதும்மா. கொழுப்பு போயிருக்கு, கொழுப்புதான் வைக்கணும்" என்றாள். என் தொடையிலிருந்தே கொஞ்சம் கொழுப்பை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் செலுத்துவார்களாம். அந்த ஆஸ்பத்திரியிலேயே பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்று அனுப்பினாள்.

நான் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, "எவ்வளவு நாள் இருக்கும் டாக்டர்?"

தினமும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவராக இருக்க வேண்டும். சலிக்காமல் பதில் சொன்னார்.

"வெச்சதுல ஒரு பங்கு போயிடும்மா. உடம்பே கரைச்சிடும். எவ்வளவு போகும்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது. முதல் மூணு நாலு மாசம் குறைஞ்சுகிட்டே வரும். அதுக்கப்புறம் எது மிச்சம் இருக்கோ அது உங்களுது. வருஷக்கணக்கா இருக்கும்."

"அப்ப நிரந்தரமா?"

"உங்க உடம்புல இருக்கற மத்த கொழுப்பு எவ்வளவு நிரந்தரமோ அவ்வளவு நிரந்தரம். எடை போட்டா இதுவும் போடும். இளைச்சா இதுவும் இளைக்கும். வயசாகறது நிக்காது. அதனால முதல்ல எடை ஒரே இடத்துல நிக்கட்டும். அதுக்கப்புறம் வாங்க."

எடை நின்றது. சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது. கணவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இது?"

"எல்லாரும் கேக்கறாங்கங்க. எனக்குப் பதில் சொல்லி முடியல."

"கேக்கறவன் கேட்டுகினு போறான். உட்டுத் தள்ளு." கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, "எம்மா நாள் தாங்கும்?" என்றார்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"டிப்போல தேஞ்ச டயர ரீட்ரெட் பண்ணிப் போட்டாக்கூட இவ்ளோ ஓடும்னு ஒரு கணக்கு சொல்வான். இந்த ஆளு ஒண்ணும் சொல்லலியே" என்றார். ஆனால் அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நாளுக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு பைக்கில் அவரே கூட்டிக்கொண்டு போனார்.

மயக்கமாகவும் இல்லாமல் விழிப்பாகவும் இல்லாமல் படுக்க வைத்துச் செய்தார்கள். தொடைக்குள் ஏதோ முன்னும் பின்னும் போய்வருவது தெரிந்தது, வலி தெரியவில்லை. வலியெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். அதுவும் முகத்தில் இல்லை, தொடையில். நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போய், படி ஏறினால் உயிர் போனது. முகம் இரண்டு பக்கமும் அறை வாங்கியது போல வீங்கியிருந்தது. கன்னத்தை அழுத்தக் கூடாது, பக்கவாட்டில் படுக்கக் கூடாது என்றார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினேன். ஆபீசில் கடைவாய்ப் பல் பிடுங்கியதாகச் சொல்லியிருந்தேன். கணவர் ரசம் வைத்தார். ரசத்தில் புளி அதிகம். முழு டம்ளரையும் குடித்தேன்.

வீக்கம் வடிந்து ஒரு மாதம் ஆனபோது முகம் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. கரையப் போவதைக் கணக்கிட்டுக் கூடுதலாக வைத்திருந்தார்கள். ஆபீசில், "மேடம், இப்பதான் ஃப்ரெஷ்ஷா இருக்கீங்க" என்றார்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிக்க ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காமல், கண் எரிய உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் அப்படிச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார். மோவாயைத் தொட்டு, விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார்.

"தேறிட்டடி. என் தாயி கைவுடல."

அம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். எனக்குக் குணமானால் நானும் அவரும் சேர்ந்து பொங்கல் வைப்பதாக. பானை, பச்சரிசி, வெல்லம் எல்லாம் கட்டைப்பையில் கொண்டு வந்திருந்தார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

கோயிலுக்குப் போகிற வழியிலேயே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அண்ணிக்கு முழங்கால் வலி. தார் ரோட்டின் சூட்டில் செருப்பில்லாமல் எனக்கு முன்னால் விந்தி விந்தி நடந்துகொண்டிருந்தார். சொல்லாமல் பையை மட்டும் வாங்கிக்கொண்டேன். பொங்கல் பொங்கியபோது புகையில் கண்ணீர் வழிய அவர் குலவையிட்டார். பக்கத்தில் நின்ற நான் கையைக் கூப்பிக்கொண்டேன். தொடை அப்போதும் விண்ணென்று வலித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் சொன்னபடியே அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது. தினமும் குளியலறை ஜன்னல் வெளிச்சத்தில் நின்று போனில் படம் எடுப்பேன். நேற்றையப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். வித்தியாசம் தெரியாது. முந்தின மாதத்துப் படத்தை எடுத்தால் நன்றாகத் தெரியும். வலது கன்னம் இடதைவிட வேகமாக இறங்கியது. இடது பக்கம்தான் கொஞ்சம் பிடித்து நின்றது. எல்லாமே போய்விடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "இன்னும் நாள் இருக்கும்மா, பொறுங்க" என்றார்கள். பொறுப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. எனக்கு முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனது. கண்ணாடியே இல்லாத வீடாக இருந்தால் நிம்மதி என்று தோன்றியது.

நாலாவது மாதம் அண்ணி மறுபடி வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடி வந்துடுச்சா?" என்றார். "கன்னம் எறங்கிப்போச்சே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட வரேன். என் வளையல வெச்சிக்கோ, இன்னா செலவானாலும் பாத்துக்கலாம்."

வளையலைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார். நான் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணி, எனக்கு எப்பவுமே நோவு இருந்ததில்ல. முகம் ஒட்டிப்போச்சுன்னு எல்லாரும் கேட்டீங்க. என்னால தாங்க முடியல. தொடையிலிருந்து கொழுப்பு எடுத்துக் கன்னத்துல வெச்சுக்கிட்டேன். அதுல கொஞ்சம் கரையும்னு சொல்லித்தான் வெச்சாங்க. இப்ப அதான் கரையுது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறையில் நின்றுகொண்டிருந்த தம்பியைப் பார்த்தார்.

"உண்மையாடா?"

"ஆமாக்கா."

"தொடையிலேர்ந்தா?"

"ஆமா."

கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். வளையலை மெதுவாகத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு தன் தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

"எங்கிட்ட கேட்டிருந்தா நான் குட்த்திருப்பேனேடி! இங்க மூட்டை மூட்டையா கீது!"

கணவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அண்ணி. அவருக்கு வயிறு குலுங்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடுத்தவங்களுது ஒத்துக்காதாம் அண்ணி, அவங்கவங்களுதுதான் வைக்கணுமாம்" என்று நான் விளக்கம் சொல்ல, அவர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். சிரித்து முடித்தபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப நான் வேண்டிக்கினது?"

பிறகு அவரே சொன்னார். "இனிமே வராம இருக்கறதுக்குன்னு வெச்சிக்கலாம். ஆத்தாவுக்கு எது இன்னான்னு தெரியாதா?" எழுந்து போய்க் காப்பி கலந்து எல்லோருக்கும் கொண்டு வந்தார். தொட்டுப் பார்க்கவா என்று என்னிடம் கேட்டுவிட்டு, கன்னத்தைக் கோழிக்குஞ்சைத் தொடுவது போலத் தொட்டார். "நெசமாவே சதைதான்" என்றார்.

அண்ணிக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. அடுத்த விசேஷத்திலேயே அது தெரிந்தது. யாரும் என்ன வியாதி என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தவும் இல்லை. பந்தியில் எதிரே உட்கார்ந்த பெண்கள் நேராகவே என் கன்னத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "எவ்ளோ நாளைக்கு இருக்கும்?" என்றாள் ஒருத்தி. "திரும்பத் திரும்ப வைக்கணுமாமே, அப்படியா?" என்றாள் இன்னொருத்தி. சிரித்தால் கலைந்துவிடுமா, வெயிலில் உருகுமா என்றுகூடக் கேட்டார்கள். வைத்ததில் கொஞ்சம் போகும், மிச்சம் நிற்கும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். முன்பு ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது வேறொன்று. அதே வாய், அதே அலுப்பு.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ரத்தத்தில் பிளேட்லெட் இறங்குகிறது என்று இரண்டு வேளையும் ரத்தம் எடுத்தார்கள். கஞ்சி உள்ளே போகவில்லை. நெற்றி முழுக்க வலி. யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் சரியாக ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு முகம் கழுவப் போனவள் கண்ணாடியைப் பார்த்தேன். எல்லாம் போய்விட்டிருந்தது. பழைய குழி, பழைய பள்ளம். அழக்கூடத் தெம்பில்லை. கட்டிலுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கணவர் டிப்போவில் லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார். என்னைக் கேட்காமல் அந்த சர்ஜனுக்குப் போன் செய்திருக்கிறார். சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"எங்கயும் போவலியாம். உள்ளாறயேதான் கீதாம். நீ துன்னா அதுவும் தேறிடுமாம்."

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"தெரிஞ்சிக்கத்தான்."

அதற்குப் பிறகு வேளாவேளைக்கு எதையாவது கொண்டுவந்து நீட்டினார். முட்டை, சுண்டல், பக்கத்துத் தெருக் கடையின் இட்லி. சர்க்கரைக்கு ஆகாததை நான் தள்ளிவைத்தால் சண்டை போட்டார். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. பிறகு பழகிவிட்டது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை, ஷிப்டுக்குக் கிளம்பிக் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்: "லெப்ட் சைடு வந்துடுச்சி பாரு."

ஆமாம், இடது கன்னம் வந்திருந்தது. வலது பக்கமும் பின்னாலேயே வந்தது, ஆனால் முன்பு இருந்த அளவுக்கு இல்லை. நெற்றிப்பொட்டில் வைத்தது அநேகமாகத் தங்கவே இல்லை. கொழுப்பு வைத்து இப்போது நாலு வருஷம் ஆகப்போகிறது. எது தங்கியதோ அது அப்படியே இருக்கிறது, கொஞ்சம் ஏற்ற இறக்கமாக. சுற்றிலும் தோல் தளர்ந்துகொண்டு வருகிறது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஐம்பதைத் தொட்டபின் களைத்த முகம் யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை போலிருக்கிறது. ஆபீசிலும் சரி, விசேஷத்திலும் சரி, யாரும் எதுவும் கேட்பதில்லை. அதில் எனக்குப் பெரிய சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் சர்ஜனைப் பார்க்கப் போனோம். பழைய படத்தையும் புதுப் படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது பக்கத்துக்கு மட்டும் இன்னொரு தடவை கொஞ்சம் வைத்தால் இரண்டும் சமமாகிவிடும் என்றார். நான் படங்களைப் பார்த்தேன். இரண்டிலும் இருப்பது நான்தான் என்பது தெரிந்தது. எதில் நன்றாக இருக்கிறேன் என்று தீர்மானிக்கும் ஆர்வம் வரவில்லை. மறுபடி தொடை கன்றி, தலையணை அடுக்கி, ஜன்னலோரம் நின்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"வேண்டாம் டாக்டர், இருக்கறது இருக்கட்டும்" என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

கணவர் வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தார். "இன்னா சொன்னாரு?"

"இன்னொரு வாட்டி வெக்கலாம்னார். வேண்டாம்னுட்டேன்."

"சரி, ஏறு. கூட்டம் சேர்றதுக்குள்ள பாடி பாலத்தத் தாண்டிடலாம்."

எங்கே தாண்டுவது. மேம்பாலத்துக்கு முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு நின்றது. காற்றே இல்லை. ஹெல்மெட்டுக்குள் வியர்த்து வழிந்தது. அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். கண் தானாகச் சொக்கியது.

"தூங்காத," என்றார் திரும்பாமல். "கெட்டியாப் புட்ச்சிக்கோ, இப்ப லாரிய எடுத்துடுவான்."